அஞ்சாந்தேதி மருந்து

ஆகஸ்ட் 3, ஞாயிறு

செண்பகத்தைச் சென்னையில் விமானம் ஏற்றிவிட்டு இப்போதுதான் வீடு வந்தேன். மெல்போர்னில் மகள் கல்யாணிக்கு அடுத்த மாதம் பிரசவம். இனி ஆறு மாதம் நானும் பூனையும்தான்.

பூனையின் பெயர் கிச்சிலி. அந்தப் பழத்தின் ஆரஞ்சு நிறம். கல்யாணி புருஷன் வீட்டுக்குப் போன மாதம் செண்பகம் எங்கிருந்தோ கொண்டுவந்து வளர்த்தது. அது என்னை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. நானும் அதை மதிப்பதில்லை. சமரசமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு முழுத் தாள் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். கேஸ் சிலிண்டர், துளசிக்குத் தண்ணீர், என் சர்க்கரை மாத்திரை எல்லாம் வரிசையாக இருக்கிறது. எட்டாவதாக: "ஃப்ரிட்ஜுக்குப் பின்னால இருக்கற தண்ணித் தட்டை வாரம் ஒருதரம் கழட்டிக் கொட்டிடுங்க." ஒன்பதாவதாக: "மாசம் அஞ்சாந்தேதி கிச்சிலிக்குக் கழுத்துல மருந்து. கொசு கடிச்சு வர்ற புழுவுக்கு. மறக்கவே கூடாது. போட்டதும் காலண்டர்ல டிக் போடுங்க, எங்கம்மா மாத்திரைக்குப் போட்ட மாதிரி."

எட்டாவதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. நகராட்சியில் கொசு ஒழிப்புப் பிரிவில் முப்பத்திரண்டு வருட உத்தியோகம். எத்தனை வீட்டு ஃப்ரிட்ஜை நகர்த்தி, டார்ச் அடித்து, "இதோ பாருங்கம்மா, புழு நெளியுது" என்று காட்டியிருப்பேன். இந்த ஊரில் என்னைத் தெய்வநாயகம் என்று சொன்னால் தெரியாது, கொசு சார் என்றால்தான் தெரியும். எனக்கே தட்டைப் பற்றிப் பாடம். ஒன்பதாவது அதைவிட. என் வீட்டுப் பூனையைக் கடிக்கக் கொசு எங்கிருந்து வருமாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பூனைக்கு மருந்து போட்டேன். டிக் போட்டேன். புறங்கையில் ஒரு கீறல்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலைக் கூட்டத்தில் ரோஸ்லினைப் பிடித்துக்கொண்டேன். வீடு வீடாகப் போய்த் தேங்கிய தண்ணீர் பார்க்கும் பெண்களில் ஒருத்தி. பார்த்த வீட்டின் சுவரில் சுண்ணக்கட்டியால் தேதி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது எங்கள் முறை. செட்டிகுளம் தெருவில் ஒரு வீடு பத்து நாளாகப் பூட்டிக் கிடக்கிறது. சுவரில் முந்தாநாள் தேதியும் அவள் கையெழுத்தும் இருந்தன.

"உள்ள போகாம குறி போடறது என்னம்மா வேலை? அது சுவத்துல எழுதின பொய்யி" என்றேன். பத்துப் பேர் முன்னால் சொன்னால்தான் உறைக்கும். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "புள்ளைக்குக் காய்ச்சல் சார், சீக்கிரம் போகணும்னு போட்டுட்டேன்" என்றாள். ஆளுக்கொரு காரணம் வைத்திருப்பார்கள்.

செப்டம்பர் 4, வியாழன்

மருந்து போட்டேன். நாளைக்கு வாய்க்கால் அடைப்பு எடுக்கும் வேலை, நேரம் இருக்காது.

செப்டம்பர் 17, புதன்

பேத்தி பிறந்துவிட்டாள். மூன்று கிலோ. வீடியோவில் காட்டினார்கள், கண்ணையே திறக்கவில்லை. செண்பகம் ஒரு நிமிடம் பேத்தியைப் பற்றிச் சொல்லிவிட்டு, "கிச்சிலி எங்க? காட்டுங்க" என்றாள். ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் படுத்திருந்தது. அந்த இடம் கதகதப்பாக இருக்கிறதாம், மழைக்காலம் முழுக்க அங்கேதான் தூக்கம். இழுத்து வந்து காட்டினேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

டிக்.

அக்டோபர் 24, வெள்ளி

மழை விடவில்லை. ஊரெல்லாம் காய்ச்சல். ஒரு நாளைக்கு நூறு வீடு. ரோஸ்லின் எங்கள் தெருப் பக்கம் வந்தவள் வாசலில் நின்று, "சார், நம்ம வீட்டையும் ஒருதரம் பாத்துடட்டுமா?" என்று கேட்டாள். "நான் பாத்துக்கறேன், நீ அடுத்த வீட்டுக்குப் போ" என்றேன். எங்கள் வீட்டுச் சுவரில் எப்போதும் நான்தான் குறி போடுவது. சூப்பர்வைசர் வீட்டுக்குள் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்.

பக்கத்து வீட்டு நாய் பத்து நாளாக இருமுகிறது. அதன் சத்தத்தில் மத்தியானத் தூக்கம் போயிற்று.

நவம்பர் 5, புதன்

மருந்து போட்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

கிச்சிலி இருமுகிறது. கழுத்தை நீட்டித் தரையோடு தரையாகக் குனிந்து, எதையோ கக்கப் போவதுபோல ஒரு இருமல். ஒன்றும் வரவில்லை. ரோமத்தை நக்கி விழுங்கியிருக்கும். வெந்நீரில் கொஞ்சம் மீன் கஞ்சி வைத்தேன், முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

முந்தாநாள் டிக் போட மறந்துவிட்டேன். இன்று அஞ்சாந்தேதிக் கட்டத்தில் போட்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

இருமல் குறையவில்லை. வாந்தியும் சேர்ந்துகொண்டது. தூக்கினால் எடை குறைந்தமாதிரி இருக்கிறது. செண்பகம் கூப்பிட்டபோது பூனை தூங்குகிறது என்று சொன்னேன். தூங்கத்தான் செய்தது.

டிசம்பர் 16, செவ்வாய்

அரை நாள் விடுப்புப் போட்டுக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். டாக்டர் ஷர்மிளா பானு. கல்யாணி வயதுதான் இருக்கும். பூனையின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். எக்ஸ்ரே படம் எடுத்தார். பிறகு என்னைக் கேட்க ஆரம்பித்தார்.

"வெளிய விடுவீங்களா சார்?"

"கிடையாது."

"மாசாமாசம் கழுத்துல போடற மருந்து? இவங்களுக்கு ஜூலையில நான் ஆறு மாசத்துக்கு எழுதிக் குடுத்திருக்கேன்."

"தவறாமப் போடறேன். காலண்டர்ல குறிச்சிருக்கு."

"அப்பன்னா இதயப்புழு இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. அந்தப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கணும், சென்னைக்கு அனுப்பணும். இப்ப வேணாம். ஆஸ்துமா மாதிரிதான் தெரியுது. அதுக்குப் பார்ப்போம்."

நான் தலையாட்டினேன். இரண்டு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார். வரும் வழியில் பூனை கூடைக்குள்ளிருந்து கத்தவே இல்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டிசம்பர் 22, திங்கள்

மாத்திரையில் இருமல் குறைந்திருக்கிறது. சாப்பிட்டது. நான் இரண்டு வாரமாகப் படபடத்ததெல்லாம் வீண் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 5, திங்கள்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. காலண்டர் புதிது.

ஜனவரி 8, வியாழன்

காலையில் காபி போடப் போனபோது கிச்சிலி சமையலறையில் வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கியது. நாய்தான் அப்படி மூச்சு வாங்கும், பூனை வாங்கி நான் பார்த்ததில்லை. நாக்கு வெளுத்திருந்தது. துண்டில் சுற்றித் தூக்கினேன். வழக்கமாகக் கீறும். இன்று என் சட்டைப் பையில் முகத்தைச் செருகிக்கொண்டது.

டாக்டர் அதை ஆக்ஸிஜன் பெட்டிக்குள் வைத்தார். "மாத்திரை நிறுத்தினதும் திரும்பிடுச்சே. எனக்கு இது ஆஸ்துமாவாத் தோணலை. ஆனா மருந்து ஒழுங்காப் போட்ட பூனைக்கு..." என்று படத்தை விளக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் ஒரு வார்த்தையை நம்பித்தான் அந்தப் பெண் மூன்று வாரமாக வேறு பக்கம் தேடிக்கொண்டிருக்கிறது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நாளைக்கு வரச் சொன்னார்.

ஜனவரி 9, வெள்ளி

மேலே ஆகஸ்ட், செப்டம்பர், நவம்பர் என்று மருந்து போட்டதாக எழுதியிருப்பதெல்லாம் பொய். அக்டோபர் டிக்கும் பொய். டிசம்பரும் பொய். மருந்துப் பெட்டியை நான் பிரிக்கவே இல்லை.

முதல் மாதம் போடத்தான் போனேன். பிடித்தேன், கீறிவிட்டது, விட்டுவிட்டேன். நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று டிக்கை மட்டும் முதலில் போட்டேன். டிக் போட்ட பிறகு வேலை முடிந்துவிட்ட மாதிரியே இருந்தது. அடுத்த மாதம் கீறல்கூடத் தேவைப்படவில்லை. யாரும் படிக்காத நோட்டில் எதற்குப் பொய் எழுதினேன் என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். கை பழகிவிட்டது என்பதைத் தவிர வேறு ஒன்றும் தோன்றவில்லை. பூட்டிய வீட்டுச் சுவரில் நானும் குறி போட்டிருக்கிறேன். ரோஸ்லினுக்கு முன்னாலிருந்தே. அவளுக்காவது பிள்ளைக்குக் காய்ச்சல்.

பெட்டியை எடுத்துக்கொண்டு போய் டாக்டர் மேஜையில் வைத்தேன். ஆறு குப்பியும் சீல் பிரியாமல் இருந்தன. அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"சரி சார். இப்பவாச்சும் சொன்னீங்களே" என்று சொல்லிவிட்டு ரத்தம் எடுக்கப் போனார். என் மகள் வயதுப் பெண் என்னைப் பார்த்து அப்படிச் சொல்லும்போது நிமிர முடியவில்லை.

ஜனவரி 10, சனி

பூனை இன்னும் டாக்டரிடம்தான் இருக்கிறது. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கொசு எங்கிருந்து வந்தது என்று தேடினேன். தொட்டி, மூடி, பூந்தொட்டி, மாடிக்குழாய் எல்லாம் சுத்தம். அது என் கைவேலை, அதில் குறை வைக்கமாட்டேன்.

பிறகு ஃப்ரிட்ஜைப் பார்த்தேன். செண்பகம் எழுதிய எட்டாவது வரி இன்னும் அதன் கதவில்தான் ஒட்டியிருக்கிறது.

தனியாக நகர்த்த இடுப்பு இடம் கொடுக்கவில்லை. தெருவில் ரோஸ்லின் போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். எங்கள் வீட்டுக்குள் அவள் கால் வைத்தது இதுதான் முதல் தடவை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தாள். இரண்டு பேருமாக நகர்த்தினோம். அவள் டார்ச்சை அடித்தாள். குனிந்து தட்டைப் பார்த்தாள்.

"சார், புழு இருக்கு சார்."

தட்டு முழுக்கத் தண்ணீர், அடியில் பாசி. புழுக்கள் வெளிச்சத்துக்கு அஞ்சி நெளிந்துகொண்டு கீழே போயின. கூட்டுப்புழுவும் இருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, சுவரோரம், கிச்சிலி படுத்துப் படுத்து ஒட்டிய ஆரஞ்சு ரோமம்.

முப்பது வருடமாக என் வீட்டில் கொசு கிடையாது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேனே, அது செண்பகம் ஞாயிறுதோறும் தட்டைக் கொட்டியதால். அவள் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

ரோஸ்லின் தட்டைக் கழற்றி வெயிலில் மண்ணில் கொட்டினாள், தேய்த்துக் கழுவினாள். நான் வாங்கப் போனேன், விடவில்லை. "நா யார்ட்டயும் சொல்லமாட்டேன் சார்" என்றாள்.

"சொல்லும்மா. தாராளமாச் சொல்லு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஆகஸ்டில் பத்துப் பேர் முன்னால் அவளைப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாய்வரை வந்தது. தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டேன்.

ஜனவரி 13, செவ்வாய்

காலைக் கூட்டத்தில் அந்தப் பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டேன். "செட்டிகுளம் தெரு விஷயத்துல ரோஸ்லினை நான் பேசினது தப்பு. என் வீட்டு ஃப்ரிட்ஜ் தட்டுல புழு இருந்துச்சு. அவதான் கண்டுபுடிச்சா." யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ரோஸ்லின் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

பூனையை வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். இரண்டு வேளை மாத்திரை. ஒவ்வொரு தடவையும் விழுங்கும்வரை வாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். டிக் எதுவும் போடுவதில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். குக்கரில் வைத்தேன். செண்பகம் வீடியோவில் பேத்திக்குக் கரும்பு காட்டினாள். "கிச்சிலிக்கு இந்த மாச மருந்து போட்டாச்சா?" என்றாள். பேத்தி அழுதது. அதற்குப் பதில் சொல்வதுபோல நான் பேத்தியோடு பேசினேன்.

ஜனவரி 20, செவ்வாய்

சென்னையிலிருந்து முடிவு வந்துவிட்டது. இதயப்புழுதான். டாக்டர் ஸ்கேன் செய்து திரையில் காட்டினார். இருட்டுக்குள் சின்னதாக இரண்டு வெள்ளைக் கோடு, பக்கம் பக்கமாக, கணக்கில் போடும் சமக்குறி மாதிரி. இரண்டும் ஒரே புழுவின் இரண்டு ஓரமாம். இதயத்துடிப்போடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுதானேம்மா இருக்கு?" என்றேன்.

"பூனைக்கு ஒண்ணே போதும் சார். இது நாய்ங்களோட வியாதி. இருமற நாய் ஏதாச்சும் பக்கத்துல இருக்கும். அதைக் கடிச்ச கொசு இவங்களைக் கடிச்சிருக்கும்."

"ஊசி போட்டுக் கொன்னுட முடியாதா?"

"நாய்க்கு அப்படி ஊசி உண்டு. பூனைக்குப் போட்டா பூனையே போயிடும். உள்ள இருக்கறதை எடுக்க நம்மகிட்ட மருந்து இல்ல. அதுவாச் சாகறதுக்கு ரெண்டு மூணு வருஷம் ஆகும். அதுவரைக்கும் மூச்சு திணறாமப் பாத்துக்கணும். அது சாகறப்பவும் பயம்தான். செத்த புழு போய் நுரையீரல்ல அடைச்சா நல்லா இருக்கற பூனை நின்ன எடத்துலயே விழுந்துடும்." மேஜையில் இருந்த பெட்டியை என் பக்கம் தள்ளினார். "வராமத் தடுக்கறது ஒண்ணுதான் சார் இதுக்கு வைத்தியம். இனிமே புதுசா ஏறாம இருக்கவாவது மாசாமாசம் போடுங்க. முதல் குப்பியை இப்பவே போட்டுடலாம்."

அவர் முன்னாலேயே போட்டேன். கழுத்துக்குப் பின்னால் ரோமத்தை விலக்கி, தோலில் நான்கு சொட்டு. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இந்த ஒரு நிமிடத்துக்குத்தான் ஆறு மாதம் நேரமில்லாமல் இருந்திருக்கிறேன்.

ஜனவரி 21, புதன்

செண்பகத்திடம் சொன்னேன். வீடியோ வேண்டாம் என்று வெறும் போனில் கூப்பிட்டேன். முகத்தைக் காட்டத் தைரியம் இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். டிக், தட்டு, டாக்டரிடம் சொன்ன பொய், சமக்குறி. அழுகிறாளா என்று காது கொடுத்துக் கேட்டேன். பேத்தி கொட்டாவி விடுகிற சத்தம்தான் கேட்டது.

"இப்ப சாப்பிடுதா?" என்றாள் கடைசியில்.

"கொஞ்சம் சாப்பிடுது."

"ம்."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"ஏங்க," என்றாள். "அம்மாவுக்கு?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். மூன்று வருடத்துக்கு முன்னால் செண்பகம் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குத் திருச்சியில் இருபது நாள் படுத்திருந்தபோது, அவள் அம்மா இங்கே என் பொறுப்பில் இருந்தார்கள். இதய மாத்திரை, காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று. கொடுத்துவிட்டுக் காலண்டரில் டிக் போட்டேன். அவள் வீடு திரும்பிய ஐந்தாம் நாள் மாமியார் தூக்கத்திலேயே போய்விட்டார்கள். சாவு வீட்டில் திருச்சி மைத்துனர் அந்தக் காலண்டரை எல்லோரிடமும் காட்டி, "மாப்பிள்ளை ஒரு வேளைகூடத் தவறவிடலை" என்று சொல்லி அழுதார்.

"குடுத்தேன் செண்பகம். சத்தியமாக் குடுத்தேன்."

"சரிங்க" என்று வைத்துவிட்டாள்.

ஜனவரி 22, வியாழன்

கொடுத்தேன். ஒரு வேளைகூட விடவில்லை.

ஜனவரி 24, சனி

பரணில் ஏறி அந்த வருடத்து நாட்குறிப்பை எடுத்தேன். ஜூன் 11 முதல் 30 வரை தினமும் இருக்கிறது. "அத்தைக்கு மாத்திரை கொடுத்தேன். டிக் போட்டேன்." இதைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பலாம் என்று போனை எடுத்தேன்.

அதே கையெழுத்து. ஆகஸ்ட் 5 இருக்கும் பக்கத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வார்த்தைகூட மாறவில்லை. "பூனைக்கு மருந்து போட்டேன். டிக் போட்டேன்." இரண்டில் எது நிஜம், எது பொய் என்று மூன்றாவது ஆள் ஒருவரால் சொல்லவே முடியாது. மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் கொடுத்து, தொண்டையில் இறங்கியதை ஒரு நாளாவது நின்று பார்த்தேனா என்று நினைத்துப் பார்த்தேன். தலைமாட்டில் வைத்துவிட்டு வேலைக்கு ஓடிய காலைகளும் உண்டு. அத்தை போட்டுக்கொள்வார்கள். போட்டுக்கொண்டிருப்பார்கள்.

படம் அனுப்பவில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

செண்பகம் வந்துவிட்டாள். கிச்சிலி கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு அரை மணி நேரம் அவளை யாரோ போலப் பார்த்தது. பிறகு வந்து அவள் புடவையில் ஏறிப் படுத்துக்கொண்டு இருமியது. அவள் அதன் விலாவைத் தடவித் தடவி எலும்பை எண்ணுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னிடம் பயணம் பற்றி, பேத்தி பற்றி எல்லாம் நன்றாகத்தான் பேசினாள். பேசியதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

சாப்பிட்டதும் அவளே போய் ஃப்ரிட்ஜ் தட்டைப் பார்த்தாள். ஈரமில்லாமல் இருந்தது.

பிப்ரவரி 5, வியாழன்

அஞ்சாந்தேதி. போன குப்பி போட்டுப் பதினைந்து நாள்தான் ஆகிறது, அடுத்தது இருபதாம் தேதி என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனாலும் செண்பகம் பெட்டியை எடுத்து ஐந்து குப்பியையும் எண்ணினாள். "இனிமே நான் போட்டுக்கறேங்க. நீங்க புடிச்சுக்கிட்டா போதும்" என்றாள். சரி என்றேன்.

ஆணியிலிருந்து பழைய காலண்டரை எடுத்துப் புரட்டினாள். ஆகஸ்டிலிருந்து ஐந்து டிக். நான்கு அஞ்சாந்தேதியில், ஒன்று நான்காம் தேதியில், எல்லாம் ஒரே அளவு. சுருட்டிப் பழைய பேப்பர்க்கட்டில் செருகினாள். முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசினாள்.

"அம்மாவோட காலண்டர் என் பீரோவுல இருக்கு. திருச்சி அண்ணன் குடுத்தாரு, பத்திரமா வெச்சிருக்கேன். அதை எடுத்துப் பாக்கலாம்னு வந்த அன்னிக்கே தோணுச்சு." கிச்சிலி இருமியது. இருமி முடிக்கும்வரை அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். "பாக்கலை. பாக்கவும் மாட்டேன்."

பார்த்தாலும் அதில் டிக் மட்டும்தான் இருக்கும்.